டிஎன் 65 ஆகும் வரை

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், அது இருக்கும் ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புது எண் பெற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் குறி டிஎன் 65. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், அங்கிருந்து மேற்கே கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் வந்து தங்கிவிடும் கேஎல், கேஏ, பிஒய், டிஎல் என்ற வெளிமாநில எண் வண்டிகள் எல்லாம் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இந்தக் குறிதான்.

அந்தச் சட்டத்துக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தற்செயலான உறவு உண்டு. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் அதே அக்டோபர் 14 அன்று ஒப்புதல் பெற்று, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாலம் வரும்வரை ராமேஸ்வரத் தீவுக்குக் கார் போக வேண்டுமானால் ரயில் வேகனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அக்கினி தீர்த்தம் பக்கம் வெளிமாநில எண்கள் வரிசை கட்டி நிற்பது அதற்குப் பிறகு வந்த காட்சி. தரிசனம் முடித்து இரண்டு நாளில் திரும்பும் அந்த வண்டிகளுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும் என்று 46ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. தங்கிவிடும் வண்டிக்குத்தான் இங்கே பேச்சு.

எப்படிப்பட்ட வண்டிகள் இங்கே தங்கிவிடுகின்றன? முதலில் கேரள வண்டிகள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கேரள விசைப்படகுகளில் தொழிலுக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. கையில் காசு சேர்ந்ததும் அங்கேயே ஒரு பழைய பைக்கையோ சிறிய காரையோ வாங்கி ஊருக்கு ஓட்டி வந்துவிடுவார்கள். அடுத்து அரசு ஊழியர்களின் வண்டிகள். மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது. மண்டபத்தில் இருந்த அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனது, மண்டபம் மண்டல மையமாயிற்று. கொச்சிக்கும் மண்டபத்துக்கும் இடையே மாற்றலாகிறவர்களின் கார் கேஎல் எண்ணோடு வரும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையமும் இருக்கின்றன. அங்கே வருகிறவர்களின் வண்டி எந்த மாநில எண்ணோடும் வரும். பெங்களூரில் கடை வைத்துவிட்டு ஊர் திரும்பியவரின் கேஏ கார், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்த புதுச்சேரி கார், வியாபாரி லாரியில் ஏற்றி இறக்கிய டெல்லி டீசல் கார் ஆகியவை மிச்சம்.

இத்தனை வண்டிக்காரர்களும் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "ஒரு வருஷம் ஓட்டலாம்ணே, யாரும் கேக்க முடியாது." இது பாதிதான் உண்மை. 47ஆம் பிரிவின் 12 மாதக் கணக்கு வண்டி தங்கும் காலத்துக்கானது. உரிமையாளரே குடிமாறி வந்துவிட்டால் 49ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள முகவரியை விட்டு இடம் மாறியவர் 30 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு 50ஆம் பிரிவு: வாங்கியவர் 30 நாளுக்குள் தம் ஊர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், வெளிமாநிலத்துக்கு விற்றவருக்கு 45 நாள். ஆகவே கொல்லத்தில் பழைய கார் வாங்கிப் பாம்பனுக்கு ஓட்டி வந்தவருக்கு அந்த ஒரு வருஷம் கிடையவே கிடையாது. அது, தன் பெயரிலுள்ள வண்டியைத் தன் வேலைக்காக இன்னொரு மாநிலத்தில் கொண்டுவந்து வைத்திருப்பவருக்கு உரியது. அவரும் 12 மாதம் முடிந்து 30 நாளுக்குள் படிவம் 27இல் விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஒரு வருஷம் ஆயிற்றா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி சோதனையில் நிறுத்தப்படும்போது எழும். வண்டி வந்து சேர்ந்த நாள் ஆர்சியில் எழுதியிருக்காது. முன்பெல்லாம் பெட்ரோல் பங்க் ரசீது, சர்வீஸ் பில் என்று எதையாவது தேடி எடுப்பார்கள். ஃபாஸ்டேக் வந்த பின்பு கணக்கு தானாக எழுதப்படுகிறது. திருப்பாச்சேத்தி, போகலூர் சுங்கச்சாவடிகளில் காசு பிடித்த தேதிகள் வங்கிக் கணக்கில் வரிசையாக நிற்கும். அந்த வரிசை உரிமையாளருக்குத் துணையாகவும் போகலாம், எதிராகவும் திரும்பலாம். மாதம் நான்கு முறை போகலூரைக் கடந்துவிட்டு, வண்டி எர்ணாகுளத்தில்தான் நிற்கிறது என்று வாதாடுவது சிரமம்.

பதிவு எண்ணைப் பற்றிய சட்டம் மத்திய அரசுடையது. வண்டி வரி போடும் அதிகாரம் அரசமைப்பின்படி மாநிலத்துடையது. வெளிமாநில வண்டித் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையில் பிறந்தவை. நாடு முழுக்க ஒரே சட்டப்படி எண் கிடைத்தாலும், வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுட்கால வரி 2023 நவம்பரில் உயர்ந்தது. 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதற்கு முன்பு 10 லட்சம் வரை 10, மேலே 15 என்று இரண்டே படிதான். புதுச்சேரியில் வரி இதைவிட மிகக் குறைவு. அதனால்தான் பிஒய் எண்ணுக்கு இத்தனை மவுசு. அந்த ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி பிஒய் 01, காரைக்கால் பிஒய் 02, மாகே பிஒய் 03, ஏனாம் பிஒய் 04.

புதுச்சேரியில் வீடும் தொழிலும் உள்ளவர் அங்கே பதிவு செய்வதில் பிழையே இல்லை. ஒரு நாளும் அங்கே குடியிருக்காதவர் வாடகை ஒப்பந்தத் தாள் ஒன்றைக் காட்டிப் பதிவு வாங்கி, காரை முதுகுளத்தூர் வீட்டு வாசலில் நிறுத்தும்போதுதான் வில்லங்கம். 2017இல் கேரளத்தில் திரையுலகினர் சிலரின் விலை உயர்ந்த கார்கள் இப்படிப் புதுச்சேரி முகவரியில் பதிவானது வெளிவந்து, போலி ஆவண வழக்கு வரைக்கும் போனது. தாமதத்துக்கான அபராதம் சிறியது. 177ஆம் பிரிவின் பொது அபராதம் முதல் முறை 500 ரூபாய்தான். கட்டாமல் விட்ட ஆயுட்கால வரியும் பொய் முகவரியும் அப்படி அல்ல. 'புதுச்சேரி நம்பர் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் தரகர் வாங்குகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

வாடகை வண்டிகளுக்குச் சட்டம் வேறு திசையில் ஓடும் என்பதால் அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: நாகாலாந்து, புதுச்சேரி என்று எண் வாங்கி, அகில இந்தியச் சுற்றுலா அனுமதியோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே தினசரி ஓடிய ஆம்னி பேருந்துகளை 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை தடுத்தது. 547 பேருந்துகள் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற வேண்டும், இல்லையேல் ஓடக் கூடாது என்றது. எங்கே பதிவு என்பதைத் தள்ளிவிட்டு எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்த நடவடிக்கை அது. காருக்கும் அதே பார்வைதான் பொருந்தும்.

இனி வேலையின் வரிசை. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று தெரிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. முதலில் பழைய ஊரில் வண்டியின் பேரில் நிற்கும் பாக்கிகள் தீர வேண்டும். வேகத்துக்கு ஒன்று, ஹெல்மெட்டுக்கு ஒன்று என்று மின்னணுச் சலான்கள் கிடக்கும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். தவணை கட்டி முடித்து ஐந்து வருஷம் ஆனவர்களும் இதைச் செய்யாமலே விட்டிருப்பார்கள். ஆர்சி புத்தகத்தில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். அந்த வங்கி வேறொன்றோடு இணைந்துபோயிருந்தால், கடிதம் வாங்க எந்தக் கிளைக்குப் போவது என்று தேடுவதே ஒரு வாரத்தை விழுங்கும்.

அடுத்து என்ஓசி எனப்படும் தடையின்மைச் சான்று. படிவம் 28. 48ஆம் பிரிவின்படி பழைய அலுவலகம் இரண்டைப் பார்க்கும்: வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்று காவல் துறையின் அறிக்கை, வரி உட்பட எந்தப் பாக்கியும் இல்லை என்ற கணக்கு. விண்ணப்பம் பெற்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் 30 நாள் கழிந்தால் சான்று கொடுத்ததாகவே சட்டம் கருதும். விண்ணப்பம் கொடுத்த ரசீதையும், மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியையும் வைத்தே புது ஊரில் மனுச் செய்யலாம் என்று 47ஆம் பிரிவும் வழிவிடுகிறது. தாளில் இது அழகான ஏற்பாடு. 'வாகன்' கணினித் தளத்தில் பழைய அலுவலகம் சான்றை ஏற்றாதவரை புது அலுவலகத்தின் திரையில் வண்டி வராது, திரையில் வராத வண்டிக்கு வரி கணக்கிட முடியாது. ரசீதைக் காட்டி வேலை முடித்தவர்கள் அரிது.

என்ஓசியில் எந்த அலுவலகத்துக்கு என்று எழுத வேண்டும். நடைமுறையில் அதிகம் பிசகுவது இந்த இடம். மதுரைப் பக்கத்து ஊர் என்று யாரோ சொல்லக் கேட்டு, மண்டபத்துக்கு வரப்போகும் காருக்கு மதுரை அலுவலகத்தின் பெயரைப் போட்டு வாங்கிவந்த சான்றுகள் உண்டு. அதை ரத்து செய்ய மறுபடியும் பழைய மாநிலத்துக்கே எழுத வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புது வண்டியை மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம் என்றாகிவிட்டது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கோ 'வண்டி இப்போது இருக்கும் எல்லை' என்ற சொல்தான் இன்னும் அளவு. விற்பனையோடு சேர்ந்த மாற்றம் என்றால் படிவம் 29, 30 இரண்டும் விற்றவரின் கையெழுத்தோடு வர வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது தரகர்களின் பழைய பழக்கம். ஆர்சியிலுள்ள கையெழுத்தோடு ஒத்துப் போகாமல் அந்தத் தாள் திரும்பி வரும்போது விற்றவர் துபாய்க்குப் போயிருப்பார்.

தாள்கள் கைக்கு வந்ததும் வண்டியைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் பொறுமை வேண்டிய கட்டம் இது. வண்டியின் அடையாளம் நம்பர் பிளேட்டில் இல்லை, சேஸிஸில் அடித்த 17 இலக்க எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் பென்சில் அச்சாக எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டுவது வழக்கம். மதுரையில் ஐந்து நிமிட வேலை. ராமேஸ்வரம் தீவில் இரண்டு மூன்று வருஷம் வெளியே நின்ற காரில் அது அரை நாளைத் தின்னும். உப்புக்காற்று முதலில் வீல் நட்டைப் பிடிக்கும், பிறகு கதவின் அடிவிளிம்பு, பிறகு எஞ்சின் அறை. பல சிறு கார்களில் சேஸிஸ் எண் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் இருக்கும். சிலவற்றில் முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும். அங்கே மணல் உறைந்திருக்கும்.

தங்கச்சிமடத்தில் தென்னைகளுக்கு நடுவே நின்ற கேஎல் கார் ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. பானட்டைத் தூக்கினால் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்மண் நிறப் பட்டைதான் இருந்தது. இப்படியான இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண்ணின் விளிம்பு மழுங்கினால் அழித்து மாற்றியது போலத் தோன்றும், ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் ஒரு மணி நேரம் போட்டுவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரே திசையில் மெல்லத் தேய்க்க வேண்டும். துரு இளகி வடியும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்து எண்களின் மேல் பூச வேண்டும். அதன் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு முனையிலிருந்து நிதானமாக உரித்து வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும்.

"அண்ணே, கடைசி ரெண்டு எழுத்து விழல."

"அவசரப்படாதடா தம்பி, இன்னொருக்க எண்ணெய் போடு."

மூன்றாம் முறையில் 17உம் விழுந்தன. அச்சை ஆர்சியோடு ஒப்பிட்டபோது ஆர்சியில் ஓர் இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளை எந்தத் தயாரிப்பாளரும் பயன்படுத்துவதில்லை, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதற்காகத்தான். அது பூஜ்யம். பழைய ஊரில் தட்டச்சு செய்தவரின் கை தவறியிருக்கிறது. திருத்தம் அங்கேயே செய்தாக வேண்டும், இங்கே முடியாது. என்ஓசி வாங்குவதற்கு முன்னால் அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். துரு முற்றி எண்ணே படிக்க முடியாமல் போனால், அலுவலகத்தின் அனுமதி பெற்று மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது தனிக் கதை.

இதற்குப் பிறகு வண்டி ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் போகும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு வைத்த பெயர். ஊர் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்லும். காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, என்ஓசி, அசல் ஆர்சி, படிவம் 27 ஆகியவற்றோடு அவர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நேரில் பார்ப்பார். கட்டணம் காருக்கு 600 ரூபாய், பைக்குக்கு 300. அதற்கு மேல்தான் ஆயுட்கால வரி. வெளிமாநிலத்திலிருந்து வரும் வண்டிக்கு அதன் வயதை வைத்து விகிதம் குறையும். டெல்லி டீசல் கார் இங்கே வருவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015ஆம் ஆண்டு உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்ததால், 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓட முடியாமல் விலை சரிந்தது. சரிந்த விலைக்கு வாங்கியதை, வயதுக்கேற்ற குறைந்த வரி கட்டி இங்கே ஓட்டலாம் என்பது வியாபாரியின் கணக்கு. கணக்கு சரிதான். 15 வருஷம் முடிந்ததும் மறுபதிவு வரும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிடுவார். என்ஓசி கையில் இல்லாத டெல்லி வண்டிக்கு முன்பணம் கொடுப்பது ஆபத்து.

அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களுக்கு இந்த அலைச்சல் எதுவுமில்லாத வழி 2021 செப்டம்பர் 15 முதல் இருக்கிறது. அதுதான் பிஎச் வரிசை, அதாவது பாரத் எண். பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு உரியது. பதிவான ஆண்டின் இரண்டு இலக்கம், பிஎச், நான்கு இலக்க எண், இரண்டு எழுத்து என்று பலகை இருக்கும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரி இரண்டு இரண்டு வருஷமாகக் கட்டலாம். 10 லட்சத்துக்குக் கீழ் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, மேலே 12. டீசலுக்கு 2 கூடும், மின்சார வண்டிக்கு 2 குறையும். 2022 டிசம்பரிலிருந்து ஏற்கெனவே சாதாரண எண் உள்ள வண்டியையும் இதற்கு மாற்றலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் கடற்படைக்காரருக்கும் விஞ்ஞானிக்கும் இது பொருத்தமான ஏற்பாடு. ஓய்வு பெற்று உச்சிப்புளியிலேயே வீடு கட்டப் போகிறவருக்கு டிஎன் 65தான் நிம்மதி.

புது எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். பாதி வேலை அப்போதும் மிச்சம் இருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தில் எண் மாற வேண்டும். பழைய எண்ணில் பத்திரமும் புது எண்ணில் ஆர்சியும் இருக்கும் நாளில் விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய நேரும். ஃபாஸ்டேக்கும் புது எண்ணோடு சேர வேண்டும். பிளேட் உயர்பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய மாநிலத்தில் 15 வருஷத்துக்கென்று முன்கூட்டிக் கட்டிய வரியில் ஓடாத வருஷங்களுக்கு உரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். புது ஆர்சியின் நகல், இங்கே வரி கட்டிய ரசீது, என்ஓசி நகல், பழைய வரி ரசீது எல்லாம் இணைத்து அந்த ஊருக்கு மனு அனுப்ப வேண்டும். முதலில் இங்கே கட்டினால்தான் அங்கே கேட்க முடியும், கையில் இரண்டு பங்கு பணம் இருப்பவருக்கே அது சுலபம். மனு கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களே அதிகம். பழைய வரி ரசீதைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அதற்கு அடுத்தபடி. அதனால் கார் வாங்கிய அன்றே அந்த ரசீதை ஆர்சியோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடற்காற்று படாத பெட்டியில் வைக்கச் சொல்வது இந்தக் கரையில் வழக்கம்.